வீரம் இயல்பா, தெரிவா?: பண்டை ஜெர்மானியப் படைஞரும் வியூக விளையாட்டுகளும்

முன்னுரை

இறந்தோரைப் புகழ்வதனால் அவர்களுக்குத் தீங்கிழைக்க இயலுமா என்னும் வினா முதற்பார்வையில் வீண்வினாவாகத் தோன்றக்கூடும். இகழ்ச்சி தீங்கு என்பதை யாவரும் ஒப்புவர். புகழ்ச்சி, அதிலும் வீரம் பற்றிய புகழ்ச்சி, எவ்வாறு தீங்காகும்? பண்டை ஜெர்மானியப் படைஞரை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ரைன் ஆற்றுக்குக் கிழக்கிலும் டான்யூப் ஆற்றுக்கு வடக்கிலும் வாழ்ந்த அம்மக்கட் குழுக்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகள் ஏறத்தாழ யாவும் கிரேக்க, உரோமானியர் கையால் எழுதப்பெற்றவை. இன்றோ இளைஞர் பலர் அவர்களை அறிவது எந்த நூலின் வழியாகவும் அன்று. கணினியில் ஆடப்பெறும் வியூக விளையாட்டுகளின் வழியாகவே.

இப்பொருள் இக்கட்டுரையாளர் கருத்தில் புகுந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். புறத்திணை பற்றிய வகுப்பு முடிந்தபின் முதுகலை மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து, தாம் ஆடும் விளையாட்டில் ஜெர்மானியப் படையணி ஒன்றுக்குத் தரப்பட்டிருந்த எண்களைக் காட்டினார். தாக்குதலுக்கு ஓர் எண், தற்காப்புக்கு ஓர் எண், மன உறுதிக்கு ஓர் எண். "ஐயா, சங்ககால மறவருக்கு இப்படி மதிப்பெண் போட்டால் எவ்வளவு போடலாம்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அதற்கு விடை கூற இயலவில்லை. ஏன் இயலவில்லை என எண்ணியதன் விளைவே பின்வருவது.

எண்ணாக மாறிய இனம்

வியூக விளையாட்டு என்பது ஆடுவோர் ஓர் அரசனாகவோ படைத்தலைவனாகவோ நின்று நிலம், பொருள், படை ஆகியவற்றைக் கையாண்டு பிறரை வெல்லும் அமைப்புடையது. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரோம்: டோட்டல் வார்' இவ்வகையுள் புகழ்பெற்ற ஒன்று. அதில் 'ஜெர்மானியா' என்பது ஒரு தரப்பு. அதன் படைப்பட்டியலில் ஈட்டி வீரர், தேர்ந்தெடுத்த கோடரி வீரர், இரவில் தாக்குவோர், 'பெர்சர்க்கர்' எனப்பெறும் வெறிகொண்ட போராளிகள், கோத்தியக் குதிரைப்படை, கூச்சலிடும் பெண்கள் ஆகியோர் இடம்பெறுகின்றனர். இவர்களுள் சில அணிகள் தலைவன் கட்டளையை எதிர்பாராமல் தாமே பகைவர்மேல் பாய்ந்துவிடக்கூடும் என்பதும் விதிகளுள் அடங்கும்.

இப்பட்டியலை வெறும் கற்பனை என ஒதுக்குதல் இயலாது. ஒவ்வோர் அணிக்கும் பின்னால் ஒரு நூற்செய்தி உண்டு. கேடயங்களுக்குக் கருமையும் உடலுக்குச் சாயமும் பூசி, இருண்ட இரவைப் போருக்குத் தேரும் ஹரியர் என்னும் குழுவைப் பற்றி டாசிட்டஸ் தம் 'ஜெர்மானியா'வின் 43ஆம் பகுதியில் கூறுகிறார். அவர்களே இரவுத் தாக்குநர் ஆயினர். ஜெர்மானியர் நெருங்கி அணிவகுத்து நின்றதைச் சீசர் தம் கால்லியப் போர் நூலில் குறிக்கிறார். ஈட்டி வீரர் அணிவகுக்கும் திறம் அங்கிருந்து வந்தது. பெர்சர்க்கர் என்போர் பழைய நார்ஸ் மொழி இலக்கியத்திற்கு உரியவர். டாசிட்டஸ் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஐஸ்லாந்தில் ஏட்டிலேறிய கதைகளில் வருபவர். ஆயிரம் ஆண்டு இடைவெளியை ஒரே பாசறைக்குள் அடைத்துவிட்டனர். இத்தகைய பிழைகளை எண்ணிக் காட்டுவது எளிது. அதனால் விளையும் பயன் சிறிது. ஆர்வலர் குழு ஒன்று இதே விளையாட்டைத் திருத்தி 'யூரோப்பா பார்பரோரம்' என்னும் வடிவத்தை உருவாக்கியது. படைக்கலம், உடை, பெயர் யாவற்றையும் சான்றுகளோடு ஒப்பிட்டுச் செப்பஞ்செய்து, 'ஸ்வெபோஸ்' என்னும் தரப்பினர் மீட்டுருவாக்கப்பட்ட தொல்ஜெர்மானிய மொழியிலேயே பேசுமாறும் செய்தது. பாராட்டத்தக்க உழைப்பு. ஆயினும் அதிலும் மன உறுதி என்பது இனத்தையும் அணியையும் சார்ந்த ஓர் எண்ணாகவே நின்றது. எனவே சிக்கல் துல்லியத்தின் குறைவால் எழுந்ததன்று.

கூச்சலிடும் பெண்களைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கி.மு. 58இல் அரியோவிஸ்டஸ் என்னும் ஜெர்மானியத் தலைவனோடு சீசர் பொருதபோது, ஜெர்மானியர் தம் பெண்டிரை வண்டிகளின் மீது நிறுத்தினர் என்றும், அப்பெண்டிர் கைகளை நீட்டி அழுது, தம்மை உரோமர்க்கு அடிமைகளாக விட்டுவிடாதிருக்குமாறு போருக்குச் செல்லும் ஆடவரை வேண்டினர் என்றும் சீசரே எழுதுகிறார். டாசிட்டசும் தளர்ந்த படைவரிசைகளைப் பெண்டிர் வரவிருக்கும் சிறையைச் சுட்டிக்காட்டி நிலைநிறுத்தியதாகச் செவிவழிச் செய்தி கூறுகிறார். இரு சான்றுகளிலும் குரலுக்குக் காரணம் அடிமைத்தளையைப் பற்றிய அச்சம். விளையாட்டில் அக்காரணம் நீங்கிவிட்டது. ஓசை மட்டும் எஞ்சி, பகைவரை நிலைகுலையச் செய்யும் ஒரு படைக்கருவி ஆயிற்று. தம்மைக் காக்குமாறு கதறிய தாயரையும் மனைவியரையும் கூலிகொடுத்துத் திரட்டும் ஓர் அணியாக்கிய இம்மாற்றத்தில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. ஆயினும் ஏதோ ஒரு முறைகேடு நிகழ்ந்துள்ளது என்பதை உணராதிருத்தல் அரிது.

விளையாட்டிற்கு ஏற்ற உருவை முதலில் வரைந்தவர் டாசிட்டஸ் எனல் மிகையாகாது. கி.பி. 98இல் எழுதிய அந்நூலின் 4ஆம் பகுதியில், ஜெர்மானியர் பேருடலினர், திடீர்த் தாக்குதலுக்கு மட்டுமே வலிமையுடையோர், நெடிய உழைப்பைப் பொறாதவர், வெப்பத்தையும் நீர்வேட்கையையும் தாங்காதவர், குளிருக்கும் பசிக்கும் பழகியவர் என்று வரிசைப்படுத்துகிறார். பாய்ச்சலுக்கு உயர்ந்த மதிப்பு, தாங்குதிறனுக்குத் தாழ்ந்த மதிப்பு. எண் மட்டுமே இல்லை.

ஆயினும் டாசிட்டசுக்கும் விளையாட்டிற்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. டாசிட்டஸ் கூறியது கூற்று. கூற்றுக்குக் கூறுவோர் உண்டு, கேட்போர் உண்டு, நோக்கம் உண்டு. படிப்போர் அதனை ஐயுறலாம், மறுக்கலாம். விளையாட்டில் அதே செய்தி அவ்வுலகின் இயற்கைவிதியாகிறது. மேலிருந்து எறிந்த கல் கீழே விழுவது எவ்வாறோ, அவ்வாறே ஜெர்மானியன் பாய்கிறான். ஆடுவோர் அவ்விதியோடு வாதிடுதல் இயலாது; அதனைப் பயன்படுத்தவே இயலும். இதே விளையாட்டில் உரோமர் மட்டும் மூன்று குடும்பங்களாகவும் ஆட்சிமன்றமாகவும் நான்காகப் பிரிந்து, தம்முள் சூழ்ச்சி செய்து, இறுதியில் உள்நாட்டுப் போரிலும் ஈடுபடுகின்றனர். ஜெர்மானியர்க்கு அத்தகைய உட்பகை இல்லை. அவர்கள் ஒரே மனம் உடையோர். 2013இல் வந்த இரண்டாம் பகுதி இதனை ஓரளவு மாற்றியது. சுவேபியர் ஆடத்தக்க தரப்பாயினர், உள்ளரசியலும் பிறர்க்கு விரிந்தது. ஆனால் அரசியல் உரோமனுக்கு, இயல்பு காட்டுவாசிக்கு என்னும் பழைய பங்கீடு எளிதில் அழிவதாயில்லை. 2010இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' ஐந்தாம் பகுதியில் பிஸ்மார்க்கின் ஜெர்மனிக்கு உரிய தனித்திறனின் பெயர் 'ஃபூரோர் டியூட்டானிக்கஸ்', அதாவது டியூட்டானிய வெறி. அத்தொடர் நீரோ காலத்துப் புலவர் லூக்கனுடையது. கி.மு. 102இல் மாரியசால் அழிக்கப்பட்ட டியூட்டானியர் பேசியது ஜெர்மானிய மொழிதானா என்பதே அறிஞரிடை வழக்கிலுள்ளது. அவர்தம் வெறி பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைமையமைச்சர் ஒருவரின் மரபுச் சொத்தாகிவிட்டது!

கூறியவர் எவர்?

டாசிட்டஸ் ஜெர்மானிய நிலத்திற்குச் சென்றார் என்பதற்குச் சான்றில்லை. முன்னோர் நூல்களையும் வணிகர், படைஞர் வாய்மொழியையும் அவர் பயன்படுத்தியிருத்தல் வேண்டும். அவர் எழுதியது உரோமர்க்காக. எளிய வாழ்வு, கற்பு, விருந்தோம்பல், உரிமைவேட்கை என அவர் ஜெர்மானியரிடம் போற்றும் ஒவ்வொன்றும் தம் நகரம் இழந்துவிட்டதாக அவர் கருதியவற்றின் பட்டியலாகவும் அமைகிறது. சீசரின் நூலிலோ அச்சமே பேசுகிறது. வெசோந்தியோ நகரில் படை தங்கியிருந்தபோது, ஜெர்மானியரின் பேருடலையும் அவர்தம் பார்வையையும் பற்றிக் கால்லியரும் வணிகரும் கூறியவற்றைக் கேட்ட உரோமப்படை கலங்கிற்று என்றும், பாசறை எங்கும் வீரர் தம் இறுதிமுறிகளை எழுதி முத்திரையிட்டனர் என்றும் அவர் குறிக்கிறார். ஒரு போர்கூட நிகழாத நிலையில் பிறந்த புகழ் அது. ஜெர்மானியரின் அஞ்சாமை என நாம் படிப்பதில் ஒரு பகுதி உரோமரின் அச்சமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஜெர்மானியர் தம்மைப் பற்றித் தாமே பாடியிருந்தனர். அவர்தம் பழம்பாடல்களே அவர்க்கு வரலாறாக இருந்தன என்கிறார் டாசிட்டஸ். கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் வாரஸின் மூன்று படைப்பிரிவுகளை அழித்த ஆர்மினியஸ் தம் மக்களால் இன்றும் பாடப்படுகிறான் என்று ஒரு நூற்றாண்டு கழித்து எழுதுகிறார். அப்பாடல்களுள் ஓரடியும் நம்மை வந்தடையவில்லை. தமிழ் பயில்வோர்க்கு இவ்விழப்பின் அளவு நன்கு விளங்கும். மூத்த பிளினி முசிறியையும் பாண்டியனையும் குறிப்பிட்டு, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குச் செல்வதாக வருந்தியவர் என்பதை அறிவோம். அவரே ஜெர்மானிய எல்லையில் குதிரைப்படைத் தலைவராகப் பணியாற்றி, ஜெர்மானியப் போர்களைப் பற்றி 20 பகுதிகளில் ஒரு நூலும் எழுதினார், அது மறைந்துவிட்டது. 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூறு நமக்குக் கிட்டாமலும் பிற தொகைநூல்கள் அழிந்தும் போயிருந்தால், பண்டைத் தமிழர் பிளினி போன்றோரின் சில வரிகளில் மிளகு விற்றோராக மட்டுமே எஞ்சியிருப்பர். நமக்கு ஒரு விளையாட்டில் கிடைத்திருக்கக்கூடிய தனித்திறன் எதுவென்று கூறவும் வேண்டுவதில்லை. வெற்றியைப் பாடிய மரபே கையறுநிலையையும் காஞ்சியையும் பாடிவைத்தமையால்தான் பழந்தமிழ் மறவனுக்குத் தயக்கமும் துயரும் உண்டென நாம் அறிகிறோம். ஜெர்மானியனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

அஞ்சாமையும் வீரமும்

இனி, மையமான வினாவுக்கு வரலாம். ஒரு மக்கட் கூட்டத்திற்கு வீரம் பிறவியிலேயே அமைந்தது எனக் கூறின், அது வீரத்தைப் புகழ்வதாகுமா? அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் பகுதியில் இதனை ஆராய்கிறார். நிலநடுக்கத்திற்கும் அலைக்கும் அஞ்சாதவர் எனக் கெல்ட்டியரைப் பற்றிக் கூறப்படுவதை எடுத்துக்காட்டி, எதற்கும் அஞ்சாதவனைப் பித்தன் என்றோ உணர்வற்றவன் என்றோ கருதலாமேயன்றி வீரன் எனக் கொள்ளலாகாது என்பது அவர் முடிபு. சினத்தால் பாயும் விலங்கின் செயலையும் அவர் வீரத்தினின்று பிரித்துவிடுகிறார். அஞ்சத்தக்கதை அஞ்சத்தக்கது என அறிந்தும், செய்யத்தக்கது இது எனத் தெரிந்து நிற்பதே வீரம். வள்ளுவரும் அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதலை அறிவுடையார் தொழிலாக வைத்து, படைச்செருக்கை வேறோர் அதிகாரத்தில் பாடுகிறார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதை உரையாசிரியர் காலம் முதல் நாம் அறிவோம்.

அச்சமும் தெரிவும் இல்லாத இடத்தில் வீரம் இல்லை என்பது ஏற்கப்பெறின், இனத்தின் இயல்பாகச் சொல்லப்படும் வீரம் வீரமே அன்று. அது நெருப்பின் வெம்மை போன்றது. நெருப்பை எவரும் அறவோன் எனப் போற்றுவதில்லை; அடுப்பில் இட்டுப் பயன்கொள்வர். இயல்பான வீரன் எனப் புகழப்படுவோன் அப்புகழ்ச்சியாலேயே அறத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். அவன் செய்தது அவனுடையதாகாது, அவன் இரத்தத்தினுடையதாகிவிடுகிறது.

விளையாட்டிலும் அச்சம் உண்டே எனச் சிலர் கூறலாம். உண்மை. தலைவன் மாண்டாலோ, பின்புறம் தாக்கப்பட்டாலோ, மன உறுதி குறைந்து அணி சிதறி ஓடும். பல போர்க்கதைகளைவிட விளையாட்டு இவ்வகையில் நேர்மையானது என்பதை இக்கட்டுரையாளர் ஒப்புகிறார். ஆயின் அங்கு ஓடுவதும் நிற்பதும் கணக்கின் விளைவு. எண் சுழியத்தை அணுகின் ஓட்டம், இல்லையெனின் நிலைப்பு. இடையே ஒருவன் எண்ணிப்பார்த்த கணம் இல்லை. தெரிவு முழுவதும் ஆடுவோர் கையில் குவிந்துவிடுகிறது.

படைக்கலமாக வைக்கப்பட்டோர்

இது வெறும் சொல்லாராய்ச்சி எனத் தோன்றலாகாது. வீரத்தை இயல்பாக்குவதன் விலையை உயிருடையோர் செலுத்தியுள்ளனர். ரைன் ஆற்றின் கழிமுகத்தில் வாழ்ந்த பட்டாவியர் என்னும் ஜெர்மானியக் குழுவினர் வீரத்தில் தலைசிறந்தோர் என டாசிட்டஸ் 29ஆம் பகுதியில் புகழ்கிறார். அவர்க்கு வரி இல்லை; போருக்கென்றே, படைக்கலங்களைப் போல ஒதுக்கிவைக்கப்பட்டவர் என்பது அவர் தரும் விளக்கம். இதைவிடத் தெளிவாக எவரும் கூறியிருத்தல் இயலாது. வரிக்கு மாறாக உடலைப் பெற்றனர். கி.பி. 69இல் ஆள்திரட்ட வந்த அலுவலர், முதியோரையும் நலிந்தோரையும் பிடித்துவைத்து விடுவிக்கப் பணம் கேட்டதையும், அகவை முதிராச் சிறுவரை இழுத்துச் சென்றதையும் அதே ஆசிரியர் தம் வரலாற்று நூலில் பதிவுசெய்கிறார். சிவிலிஸ் என்பானின் தலைமையில் பட்டாவியர் கிளர்ந்தெழ இது ஒரு காரணமாயிற்று. புகழ்ச்சியுரையும் ஆள்திரட்டலும் ஒரே ஆசிரியர் கையில், இரு வேறு நூல்களில் கிடக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நம் கடன்.

இந்திய வரலாறு பயின்றோர்க்கு இது புதியதன்று. 1857க்குப் பின் ஆங்கில அரசு 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாட்டை வளர்த்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டுப் படைஞர் போர்த்தன்மையை இழந்துவிட்டனர் என முடிவுகட்டினார். பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரானபோது ஆள்திரட்டல் வடமேற்கு நோக்கித் திரும்பியது. எக்குடி எத்தகைய இயல்புடையது என விளக்கும் கையேடுகள் ஆள்திரட்டும் அலுவலர்க்கென அச்சிடப்பட்டன. மாக்மன் 1933இல் இந்தியப் போர்க்குடிகள் பற்றித் தனிநூலே வெளியிட்டார். அக்கையேடுகளுக்கும் மாணவர் காட்டிய கணினித்திரைக்கும் அமைப்பில் வேறுபாடு அதிகமில்லை. இகழப்பட்டோர் வேலையிழந்தனர். புகழப்பட்டோரோ இரு உலகப்போர்களின் முன்னணியில் பெருந்தொகையாக நின்றனர். இவர்களுள் நற்பேறு பெற்றோர் எவர்?

'ஜெர்மானியா' நூலின் பிற்கால வாழ்வும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியை அடைந்த அந்நூல், பிறரோடு கலவாத மக்கள் எனத் தம்மைப் பற்றிக் கூறுவதாகக் கண்ட ஜெர்மானியத் தேசியவாதிகளால் போற்றப்பட்டது. 1943இல் ஹிம்லரின் எஸ்.எஸ். படையினர் அதன் பழஞ்சுவடி ஒன்றைக் கைப்பற்றும்பொருட்டு இத்தாலியில் யேசி நகரத்தை அடுத்த மாளிகை ஒன்றைத் துழாவினர், சுவடி அகப்படவில்லை. அயலான் தன் நகரத்தாரை இடித்துரைக்க எழுதிய புகழுரை, புகழப்பட்டோரின் வழியினர் எனத் தம்மைக் கருதியோரின் கையில் பிறரைக் கொல்லும் உரிமைச்சீட்டாயிற்று.

தமிழாய்வுக்கும் இதில் ஒரு பங்குண்டு. சங்ககாலத்தை 'வீரயுகம்' என வழங்குகிறோம். அக்கருத்தாக்கம் எச்.எம். சாட்விக் 1912இல் எழுதிய 'தி ஹீரோயிக் ஏஜ்' என்னும் நூல்வழி வந்தது. அந்நூல் டியூட்டானிய வீரப்பாடல்களையும் கிரேக்கக் காப்பியங்களையும் ஒப்பிட்டது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' சாட்விக்கின் நெறியைத் தழுவியே சங்கப்பாடல்களை ஆராய்ந்தது. கைலாசபதியின் அக்கறை பாடல்களின் வாய்மொழி அமைப்பிலும் அவை பிறந்த சமுதாய நிலையிலும் இருந்தது. வீரம் அவர்க்கு ஒரு காலகட்டத்தின் விளைவு. பின்னர் மேடைகளில் அதுவே தமிழரின் பிறவிக்குணமாகச் சுருங்கிற்று. அச்சுருக்கத்திற்கும் விளையாட்டின் எண்ணுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் விரும்பும் அளவிற்குப் பெரியதன்று.

சேற்றில் கிடைத்த சான்று

எழுத்தில்லாதோர் தம்மைப்பற்றி வேறு வழியில் சிறிது கூறுவதுண்டு. டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் இல்லரூப் பள்ளத்தாக்கில், கி.பி. 200ஐ ஒட்டி ஏரியில் இடப்பட்ட போர்க்கருவிகள் உட்பட 15,000க்கு மேற்பட்ட பொருள்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. கேடயக் குமிழ்களுள் ஒருசில வெள்ளி, சில வெண்கலம், மிகப்பல இரும்பு. தரவரிசையுடைய ஒழுங்கான படையாக அது இருந்தமையை இது உணர்த்தும். வாள்களுள் பல உரோமப் பட்டறைகளில் செய்யப்பட்டவை. கருவிகளோடு சீப்புகளும் தீத்தட்டிகளும் கிடைத்தன. வெறியர் எனப்பட்டோர் தலைவாரிக்கொண்டனர்.

அதே பள்ளத்தாக்கின் ஆல்கன் எங்கே என்னும் இடத்தில் இன்னும் பழைய, கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மனித எலும்புகள் கிடைத்துள்ளன. 2018இல் வெளியான ஆய்வு குறைந்தது 82 பேரை அடையாளங்கண்டது. மொத்தம் 380 பேர் வரை இருக்கலாம் எனக் கணித்தது. ஏறத்தாழ அனைவரும் ஆடவர். உடல்கள் பல மாதங்கள் வெட்டவெளியில் கிடந்தபின் எலும்புகள் திரட்டப்பெற்று நீரில் இடப்பட்டுள்ளன. இடுப்பெலும்புகள் நான்கு ஒரே குச்சியில் கோக்கப்பட்டிருந்தன. அவ்வாய்வு கூறும் செய்திகளுள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது ஒன்று: ஆறிய வெட்டுக்காயத்தின் தடங்கள் அவ்வெலும்புகளில் மிக அரியன. எனவே மாண்டோரில் பெரும்பாலோர் முன்னர்ப் போர்க்களம் பலவற்றைக் கண்டவராக இருந்திலர். ஆர்மினியஸின் காலத்தையொட்டி வாழ்ந்த அவ்விளைஞர்கள் பிறவிப் போராளிகளாக வளர்ந்திருப்பின், உடலில் பழைய தழும்புகள் எஞ்சியிருக்கும். அவர்கள் உழுதோராகவும் ஆனிரை மேய்த்தோராகவும் இருந்து, அழைக்கப்பட்டு அல்லது இழுக்கப்பட்டு வந்திருக்கலாம். சிலர் உண்மையான வீரராகவும் இருந்திருக்கலாம். அதாவது அஞ்சியும் நின்றிருக்கலாம். அதனை எலும்பு கூறாது. இனத்தின் இயல்பு எனக் கூறி அவ்வெற்றிடத்தை நிரப்பும் உரிமை நமக்கு இல்லை.

சதுரங்கம் எழுப்பும் தடை

விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளாது இவ்வளவு கடுமையாக ஆராய்தல் முறையா என ஒரு தடை எழலாம். 1938இல் 'ஹோமோ லூடென்ஸ்' எழுதிய ஹூய்சிங்கா, விளையாட்டு நடைமுறை வாழ்வினின்று எல்லைகட்டிப் பிரிக்கப்பட்ட தனிவெளி என்றார். சதுரங்கத்தில் காலாள் வெட்டப்படும்போது எவரும் இரங்குவதில்லை, இரங்கவும் வேண்டா. இத்தடை வலியுடையது. ஆயினும் சதுரங்கத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. இருதரப்பிலும் அதே யானை, அதே குதிரை, அதே காலாள். வேறுபாடு நிறத்தளவே. காலாளுக்குக் குலமோ நாடோ இல்லை. இன்றைய வியூக விளையாட்டோ தரப்புகள் வேறுபட்டிருந்தாலே சுவைக்கும். 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பகுதியில் கோத்தியர்க்குக் காலாட்படை மலிவு. கல்மதில் கட்டும் திறன் இல்லை. ஆட்டத்தின் சமநிலைக்காகச் செய்த ஏற்பாடு அது. எனினும் அச்சமநிலைக்குத் தேவைப்பட்ட வேறுபாட்டை மக்களின் பெயர்களிலிருந்தே கடன்பெறுகிறது. மலிவான உயிர் என்பது கோத்தியரின் பண்பாகிறது.

இறந்தோர் எதனையும் உணரார். அவர்க்குத் தீங்கு ஏது என்பது எப்பிக்யூரஸ் வழிவந்த மறுப்பு. அரிஸ்டாட்டில் இதில் உறுதியாக இல்லை. வழித்தோன்றல்களின் இன்பதுன்பம் மாண்டோரைச் சிறிதளவேனும் தொடும் என ஒப்பி நகர்ந்துவிடுகிறார். இக்கட்டுரையாளர் கருத்தில் உணர்ச்சி இங்கு அளவுகோலன்று. மாண்டவன் கையொப்பமிட்ட முறியைத் திருத்துவோன் அவனுக்குத் தவறிழைக்கிறான் என்கிறோம். அவன் உணர்கிறானா என்று கேட்பதில்லை. தன் செயல் தன்னுடையது என்பதே மாந்தன் விட்டுச்செல்லும் உடைமைகளுள் இறுதியானது. அதனைக் குருதிக்கு உரிமையாக்குதல் திருட்டின் ஒரு வகை.

விளையாட்டின் சார்பிலும் ஒன்று கூறுதல் வேண்டும். அது தன் எண்களை மறைப்பதில்லை. வரலாற்று நூல்கள் 'போர்வெறி மிக்க', 'அடங்காத' முதலிய அடைமொழிகளுள் அதே எண்களை ஒளித்துவைக்கின்றன. திரையில் வெளிப்படையாகக் கண்டமையாலேயே அம்மாணவர்க்கு அக்கேள்வி எழுந்தது. பாடநூல் படித்து எவரும் அவ்வாறு கேட்டதில்லை.

ஆற்றின் இரு கரைகள்

எந்த விளையாட்டும் இன்றைய அமைப்பில் காட்ட இயலாத நிகழ்ச்சி ஒன்றை டாசிட்டஸ் தம் 'ஆண்டுக்குறிப்பு'களின் இரண்டாம் பகுதியில் வைத்துள்ளார். அதனை விளங்கிக்கொள்ளச் சில செய்திகள் வேண்டும். ஆர்மினியஸ் உரோமக் குடியுரிமையும் குதிரைவீரர் தகுதியும் பெற்றவன். உரோமப் படையில் தன் குழுவினர்க்குத் தலைவனாகப் பணியாற்றியவன். அவன் மனைவி துஸ்நெல்டாவைக் கி.பி. 15இல் உரோமர் கையில் ஒப்படைத்தவன் அவளுடைய தந்தை செகஸ்டஸ். கருவுற்றிருந்த அவள் கண்ணீரும் வேண்டுகோளும் இன்றிக் கைகளை ஆடைமடிப்பில் கோத்தபடி நின்றாளாம். 17ஆம் ஆண்டு மே 26இல் உரோம் நகரில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் அவளும், மூன்று அகவை மகனும் சிறையராக நடந்தனர். செகஸ்டஸ் மதிப்புக்குரிய விருந்தினனாக அமர்ந்து அதனைக் கண்டான் என ஸ்ட்ராபோ குறிக்கிறார். ஆர்மினியஸ் ஏறத்தாழ 21ஆம் ஆண்டில் தன் உறவினராலேயே கொல்லப்பட்டான். ஒரே மனமுடைய ஜெர்மானியா எங்கும் இல்லை.

கி.பி. 16இல் உரோமப்படையும் செருஸ்கியர் படையும் வெசர் ஆற்றின் இரு கரைகளில் நின்றன. ஆர்மினியஸ் கரைக்கு வந்து, தன் உடன்பிறந்தானோடு பேச இசைவு கேட்டான். அவ்வுடன்பிறந்தான் ஃபிளாவஸ் உரோமப்படையில் இருந்தான். போரில் ஒரு கண்ணை இழந்திருந்தான். முகத்தின் வடுவைக் கண்ட ஆர்மினியஸ், அது எங்கு நேர்ந்தது, அதற்கு என்ன பெற்றாய் என வினவினான். ஊதிய உயர்வையும் கழுத்தணியையும் முடியையும் பிற படைப்பரிசுகளையும் ஃபிளாவஸ் எண்ணிச்சொன்னான். ஆர்மினியஸ் அவற்றை அடிமைத்தனத்தின் மலிவான கூலி என எள்ளினான். பின்னர் ஒருவன் உரோமின் பெருமையையும், தோற்றோர்க்கு வரும் கடுந்தண்டனையையும், பணிந்தோர் பெறும் அருளையும் பேச, மற்றவன் பிறந்த நிலத்தையும், முன்னோர் உரிமையையும், தன்னோடு சேர்ந்து அழைக்கும் தாயையும் பேசினான். இவ்வுரையாடலின் சொற்கள் டாசிட்டஸ் புனைந்தவையாகவே இருத்தல் கூடும். ஆயினும் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர் இரு கரைகளில் நின்றனர் என்பதை அவர் புனையவேண்டிய தேவையில்லை. சொல் முற்றிச் சினம் மூண்டது. தன் படைக்கலத்தையும் குதிரையையும் கொணருமாறு ஃபிளாவஸ் கூவ, ஸ்டெர்டினியஸ் என்னும் தலைவன் ஓடிவந்து அவனைப் பற்றி நிறுத்தினான். எதிர்க்கரையில் ஆர்மினியஸ் போருக்கு அறைகூவிக்கொண்டிருந்தான். அவன் சொற்களுள் பல இலத்தீனில் இருந்தன. உரோமப் பாசறையில் பணியாற்றிய காலத்தில் கற்ற மொழி அது.